விரைவும் நிறைவும்

அரிசியை மிச்சப்படுத்தினால் அது பானையில் இருக்கிறது. பணத்தை மிச்சப்படுத்தினால் அது வங்கிக் கணக்கில் இருக்கிறது. நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றி நாம் நாள்தோறும் பேசுகிறோமே, அவ்வாறு மிச்சப்படுத்திய நேரம் எங்கே இருக்கிறது? அதை இட்டு வைக்கும் கலம் எது? வேண்டியபோது அதிலிருந்து ஒரு படி முகந்து, வேண்டியவர்க்கு அளக்க இயலுமா? இயலாதெனின், இத்தனை ஆண்டுகளாக நாம் விரைந்து விரைந்து சேர்த்தது யாது?

வினா எளியது. ஆயினும் இதனை ஒருமுறையும் கேட்டுக்கொள்ளாமலே ஒருவன் தன் வாழ்நாளைக் கழித்துவிடலாம். தலைநகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு வாழும் எங்களைப் போன்ற நடுவணரசு எழுத்தர்கள் பெரும்பாலும் அவ்வாறே கழிக்கிறோம். இவ்வினா எங்கள் உள்ளத்தில் எழுந்த இடம் அலுவலகமன்று, நூலகமுமன்று. பிரெஞ்சு நாட்டின் நாட்டுப்புறத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே செல்லும் ஒரு பழைய சாலையில் அது எழுந்தது.

எங்கள் சகலர் புதுச்சேரிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அம்மாற்றம் சட்டப்படி முழுமை பெற்றது. அக்காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்க வைத்துக்கொண்ட குடும்பங்கள் பல. அவர் குடும்பமும் அவற்றுள் ஒன்று. பாரிஸ் நகரின் புறநகர் ஒன்றில் நெடுநாளாக வாழ்கிறார். "அத்தான், ஒருமுறை வந்துதான் பாருங்களேன்" என்று இல்லத்தரசியின் தங்கை பத்தாண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு ஜூன் மாதம், பயணச்சீட்டுச் செலவில் பாதியை அவர்களே ஏற்றுக்கொள்ள, அயல்நாடு செல்வதற்குரிய அலுவலக இசைவையும் பதினைந்து நாள் ஈட்டிய விடுப்பையும் பெற்றுக்கொண்டு, மகளுடன் புறப்பட்டோம்.

பாரிசிலிருந்து தெற்கே அவிஞோன் நகருக்குக் காரில் செல்வதென்று முடிவாயிற்று. தொலைவு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். சுங்கம் செலுத்திச் செல்லும் விரைவுச் சாலை இருக்கிறது. அங்கு மணிக்கு 130 கிலோமீட்டர் வரை செல்லலாம். காலையில் புறப்பட்டால் மாலையில் போய்ச் சேரலாம். சகலரோ ஆறு நாளில் செல்வோம் என்றார். உடனே எங்கள் மனம் கணக்கிடத் தொடங்கிற்று. பதினைந்து நாள் விடுப்பில் ஐந்து நாள் வீண்! தயங்கித் தயங்கி அதனைச் சொன்னோம். அவர் சிரித்தார். "ஐந்து நாளை மிச்சம் பிடித்து என்ன செய்வீர்கள், அண்ணா?" என்று கேட்டார். விடை சொல்ல வாயெடுத்தோம். சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

நாங்கள் சென்றது ஏழாம் எண் தேசியச் சாலை. பாரிசில் தொடங்கி, நெவேர், லியோன், அவிஞோன் முதலிய நகரங்களைத் தொட்டு, இத்தாலி எல்லையை அடுத்துள்ள மொந்தோன் வரை, ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும் பழஞ்சாலை அது. 1970ஆம் ஆண்டில் பாரிசுக்கும் மார்செய் துறைமுகத்திற்கும் இடையே விரைவுச் சாலை முழுதும் இணைந்த பிறகு, பழைய சாலையின் பெருமை மங்கிற்று. பின்னர் அதன் பல பகுதிகள் மாவட்டங்களின் பொறுப்பிற்கு மாற்றப்பட்டு, பெயரையும் எண்ணையும் இழந்தன. ஆயினும் சாலையோரத்துக் கல் இன்னும் பல இடங்களில் நிற்கிறது. தேசியச் சாலைக் கல்லுக்குத் தலை சிவப்பு. மாவட்டச் சாலைக் கல்லுக்குத் தலை மஞ்சள். விரைவுச் சாலையில் செல்பவனுக்குக் கல்லும் இல்லை, ஊரும் இல்லை. ஊர்ப்பெயர் தாங்கிய பலகை மட்டுமே உண்டு. பழஞ்சாலையோ ஒவ்வோர் ஊரின் நடுவேயும் புகுந்து, தேவாலயத்தையும் ஊர் மன்றத்தையும் ரொட்டிக் கடையையும் நலம் விசாரித்துவிட்டே அப்பால் செல்கிறது.

முதல் நாள் பிற்பகல் பிரியார் என்னும் சிற்றூரில் இறங்கினோம். அங்கே லுவார் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் இருக்கிறது. அதன்மேல் ஓடுவது சாலையுமன்று, இருப்புப்பாதையுமன்று, தண்ணீர். கால்வாயையே தூக்கி ஆற்றின் குறுக்கே கொண்டுசெல்லும் பாலம் அது. 1896ஆம் ஆண்டில் முடிக்கப்பட்டது. நீளம் 662 மீட்டர். கீழே ஆறு தன் போக்கில் ஓட, மேலே படகுகள் மனிதன் நடக்கும் வேகத்தில் ஊர்கின்றன. இருபுறமும் நடைபாதை உண்டு. எங்கள் மகள் ஒரு படகுக்கு இணையாக நடந்தாள். படகிலிருந்த மூதாட்டி அவளைப் பார்த்துக் கையசைத்தார். இவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருக்கு ஆங்கிலமும் தெரியாது. ஆயினும் பாலத்தின் ஒரு தலையிலிருந்து மறுதலை வரை, கையாலும் முகத்தாலும் இருவரும் பேசிக்கொண்டே சென்றனர். மறுதலையில் மூதாட்டி ஒரு கைப்பிடி செர்ரிப் பழங்களை எடுத்து நீட்டினார். இருவரும் ஒரே வேகத்தில் சென்றமையால் அல்லவோ அப்பழங்கள் கைமாறின! ஒருவர் விரைந்திருந்தால் கையசைப்போடு முடிந்திருக்கும்.

இரண்டாம் நாள் ஒரு சிற்றூரில் தேநீர் அருந்த நின்றோம். இருநூறு பேர்கூட வாழாத ஊர் என்றார் சகலர். அவ்வூரின் நடுவே ஒரு கல்தூண். 1914 முதல் 1918 வரை நடந்த போரில் மாண்ட அவ்வூர் மக்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 35,000 ஊராட்சிகள் கொண்ட அந்நாட்டில் இத்தகைய தூண் இல்லாத ஊர் அரிது. அப்போரில் பிரான்சு இழந்தது சுமார் 14 இலட்சம் உயிர்கள். அவ்வெண்ணை நாங்கள் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்; படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியும் இருக்கிறோம். அத்தூணின்முன் நின்றபோதோ ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வந்தது. உடன்பிறந்தாரோ, தந்தையின் உடன்பிறந்தார் மக்களோ, அறியோம். மூன்றாவது பெயரைப் படித்தபோது இல்லத்தரசி, "ஒரு வீட்டில் மூன்று பேரா!" என்று கூறித் தம்மையறியாமல் கைகூப்பினார். புதுச்சேரிக் கடற்கரையிலும் அப்போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்க்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. அதன் அருகே நின்று எத்தனை முறை சுண்டல் தின்றிருக்கிறோம்! ஒருமுறையேனும் அருகில் சென்று நின்று பார்த்ததில்லை. 14 இலட்சம் என்பது விரைந்து செல்பவனுக்கான எண். மூன்று பெயர் என்பது நிற்பவனுக்கு மட்டுமே கிடைக்கும் எண்.

மூன்றாம் நாள் தங்கிய ஊர் லாபலிஸ். அவ்வூரைப் பற்றிச் சகலர் சொன்னது எங்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தது. ஒரு காலத்தில் தெற்கு நோக்கிச் செல்லும் வண்டிகளெல்லாம் அவ்வூரின் குறுகிய தெருவில் நெருக்கி நிற்குமாம். புகையும் இரைச்சலும் தாங்காமல் ஊரார் புறவழிச் சாலை வேண்டினர். 2006ஆம் ஆண்டில் புறவழி திறக்கப்பட்டது. ஊர் அமைதியடைந்தது. அதே ஆண்டில் ஊரார் ஒரு விழாத் தொடங்கினர். பழைய கார்களையும் சரக்கு வண்டிகளையும் பல இடங்களிலிருந்து வரவழைத்து, முன்போல் தெருவில் நெருக்கி நிறுத்தி, போக்குவரத்து நெரிசலையே ஒரு திருவிழாவாக நடத்துகின்றனர்! அதன்பின் சில ஆண்டுகளுக்கொருமுறை அது தொடர்ந்து நடந்து வருகிறது. மனித இயல்பு எத்துணை விந்தையானது! எவ்வண்டிகள் நின்றமையால் சினந்தார்களோ, அவ்வண்டிகள் நில்லாமற் போனபின் அவர்களுக்கு ஏதோ ஒரு குறை. நின்ற வண்டியில் ஒரு முகம் இருந்தது; அம்முகம் தண்ணீர் கேட்டது; ஊரின் பெயரைக் கேட்டது. விலகிச் செல்லும் வண்டிக்கு முகம் இல்லை.

அவ்வண்டிகளில் வந்தவர் யாவர் என்று கேட்டோம். விடுமுறை பெற்ற தொழிலாளரும் அலுவலரும் என்றார் சகலர். அதன் வரலாறு எங்களைப் போன்ற எழுத்தர்கள் அறிந்துகொள்ளத்தக்கது. 1936ஆம் ஆண்டு ஜூன் மாதம், லெயோன் புளும் தலைமையில் அமைந்த மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் இரண்டு வாரம் சம்பளத்துடன் கூடிய விடுமுறை அளிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதுவரை கடலையே கண்டிராத குடும்பங்கள் அவ்வாண்டில் கடலைக் கண்டன. 1956இல் விடுமுறை மூன்று வாரமாயிற்று, 1969இல் நான்கு, 1982இல் ஐந்து. உலகப் போருக்குப்பின் சிறு கார்கள் பெருகியதும், விடுமுறை பெற்றவர் கூட்டம் இந்த ஏழாம் எண் சாலை வழியே தெற்குக் கடலை நோக்கிச் சென்றது. மற்றுமொரு செய்தி. பணியில் இருக்கும்வரை, அந்த அடிப்படை விடுமுறையை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாகப் பணம் பெறுவதற்கு அந்நாட்டுச் சட்டம் பொதுவாக இடந்தருவதில்லை. ஓய்வு ஓய்வாகவே துய்க்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து.

இதனைக் கேட்டபோது நாங்கள் வாய்திறக்கவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும். சொல்வது எளிதன்று, ஆயினும் இக்கட்டுரை எழுந்ததே அதன் பொருட்டு.

நடுவணரசு ஊழியர்க்கு ஆண்டுக்கு முப்பது நாள் ஈட்டிய விடுப்பு உண்டு. எடுக்காத விடுப்பு கணக்கில் சேரும். முந்நூறு நாள் வரை சேர்த்து வைத்து, ஓய்வு பெறுங்கால் பணமாகப் பெற்றுக்கொள்ளலாம். இது தவறான ஏற்பாடு என்று சொல்லமாட்டோம். மகளின் திருமணமோ, ஊரில் ஒரு கூரையோ அப்பணத்தால்தான் ஆகவேண்டியிருக்கிறது. அப்பணம் வேண்டாமென்று சொல்லும் செல்வநிலையில் நம்மில் எவரும் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாளாகச் சேர்க்கிறோம்.

ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், பத்து நாள் விடுப்பில் திண்டிவனத்திற்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூருக்குச் சென்றிருந்தோம். புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, திண்ணையில் அமர்ந்திருந்த எங்கள் தந்தையார், "இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போயேன்" என்றார். அவர் எதையும் எவரிடமும் கேட்கும் இயல்பினர் அல்லர். எங்கள் கணக்கில் அன்று இருநூறு நாளுக்கு மேல் விடுப்பு இருந்தது. அலுவலகத்திற்கு ஒரு தந்தி போன்ற செய்தி, இரண்டு வரி, போதும். ஆயினும், "அடுத்த முறை பார்க்கலாம் அப்பா, சீட்டு எடுத்தாயிற்று" என்றோம். அவர் தலையசைத்தார். ஆவணி மாதத்தில் அவர் மறைந்தார். அச்செய்தி கேட்டு விமானத்தில் சென்றோம். தில்லியிலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரமும் ஆகவில்லை. வாழ்நாளில் அத்துணை விரைவாக ஊருக்குப் போனதே இல்லை. அவ்விரைவு அன்று எவருக்குப் பயன்பட்டது?

இரண்டு நாள் விடுப்பின் விலையை நாங்கள் அறிவோம். ஒரு மாதச் சம்பளத்தைப் பதினைந்தாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு. அத்தொகை இன்றும் எங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. ஓய்வு பெறும் நாளில் முழுமையாகக் கைக்கு வரும். அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை. நேரத்தைச் சேர்த்து வைக்கலாம் என்பது மெய்யே. அதைச் செலவிட வேண்டிய மனிதரைச் சேர்த்து வைக்கும் கணக்கு எந்த அரசாங்கத்திலும் இல்லை.

அன்றிரவு ஒன்பதரை மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருந்தது. விடுதி முற்றத்தில் அமர்ந்து இதனைச் சகலரிடம் சொன்னோம். அவர் ஆறுதல் மொழி ஒன்றும் கூறவில்லை. சிறிது பொறுத்து இருவரைப் பற்றிச் சொன்னார். ஹூலியோ கொர்த்தாசார் என்பவர் அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற எழுத்தாளர், பாரிசில் வாழ்ந்தவர். அவர் தம் துணைவியார் கரோல் டன்லப்புடன் 1982ஆம் ஆண்டு மே மாதத்தில் பாரிசிலிருந்து மார்செய்க்கு ஒரு வேனில் புறப்பட்டார். சென்றது விரைவுச் சாலையில். ஒரே நாளில் சென்றுவிடக்கூடிய தொலைவு. ஆனால் இருவரும் தமக்கொரு விதி செய்துகொண்டனர். சாலையை விட்டு வெளியேறக் கூடாது. வழியிலுள்ள இளைப்பாறும் இடங்களுள் நாளொன்றுக்கு இரண்டுக்கு மேல் கடக்கக் கூடாது. இவ்வாறு 33 நாள் பயணம் செய்து, ஒவ்வோர் இடத்திலும் மரத்தையும் எறும்பையும் மனிதரையும் பார்த்துக் குறித்து வைத்தனர். அவ்வாண்டு நவம்பரில் அவ்வம்மையார் மறைந்தார். அவர்கள் எழுதிய பயணநூலை 1983இல் கணவர் வெளியிட்டார். 1984 பிப்ரவரியில் அவரும் மறைந்தார்.

33 நாள்! தில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு விரைவு இரயில் எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 33 மணி. அந்த மணிகளை எப்போது தீரும் எப்போது தீரும் என்று எண்ணிக் கழிப்பதே நம் வழக்கம். அவ்விருவரும் விரைந்து போயிருந்தால் 32 நாள் மிச்சமாகியிருக்கும். அம்மிச்சம் அவ்வம்மையாரின் வாழ்நாளில் ஒரு நாளையும் கூட்டியிராது. செலவிட்டமையால் அந்த 33 நாளும் அவர்களுடையவாயின. மேலும் ஒன்று இதனால் விளங்கிற்று. மெதுவாகச் செல்வதற்குப் பழஞ்சாலையும் நாட்டுப்புறமும் வேண்டுமென்பதில்லை. விரைவுக்கென்றே அமைத்த சாலையிலும் நிற்க விரும்புபவன் நிற்கலாம்.

இனி மறுபக்கத்தையும் பார்ப்பது அறமாகும். மெதுவாகச் செல்வது உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று ஒருவர் கூறலாம். அதில் உண்மை இருக்கிறது. நான்காம் நாள் ஓர் ஊரில் ரொட்டிக் கடையைத் தேடினோம். கடை இருந்தது, கதவு நிரந்தரமாக மூடியிருந்தது. அருகே பலகையில் அமர்ந்திருந்த முதியவர், இப்போது ரொட்டி வாங்கக்கூட அடுத்த ஊருக்கு வண்டியில் போகவேண்டும் என்றார். அஞ்சலகமும் போயிற்றாம், மருத்துவரும் ஓய்வு பெற்றுவிட்டாராம். எங்கள் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய அச்சாலை அவருக்கு மருந்துக்கும் ரொட்டிக்கும் போகும் கட்டாயச் சாலை. 2018ஆம் ஆண்டு ஜூலையில் இத்தகைய இருவழிச் சாலைகளின் வேக வரம்பை மணிக்கு 90இலிருந்து 80 கிலோமீட்டராக அரசு குறைத்தபோது நாட்டுப்புறத்தார் வருந்தினர். எரிபொருள் வரியும் சேரவே, அவ்வாண்டு நவம்பர் 17 அன்று நாடெங்கும் சாலைச் சந்திகளில் திரண்டனர். ஒவ்வொரு காரிலும் இருக்கவேண்டுமென்று சட்டம் சொல்லும் மஞ்சள் மேலங்கியையே அவர்கள் தம் அடையாளமாக அணிந்தனர். வேலைக்கு நாள்தோறும் நெடுந்தொலைவு செல்பவனிடம் மெதுவின் மேன்மையைப் பேசுவது, பசித்தவனிடம் நோன்பின் சிறப்பைப் பேசுவது போன்றதாகும்.

ஆகவே விரைவு தீது, மெதுவு நன்று என்பது எங்கள் முடிபன்று. மருத்துவரை அழைத்துவர விரைகின்றவனை நிறுத்தி, வழியிலுள்ள பூவைப் பார் என்பது பேதைமை. விரைவை வைத்து எதனையும் அளக்க இயலாது. யாருக்காக விரைகிறோம் என்பதே கேட்கத்தக்க கேள்வி. விரைவின் மறுமுனையில் ஒரு முகம் காத்திருக்குமாயின் அவ்விரைவு அன்பின் பகுதி. மறுமுனையில் வெறும் மிச்சக் கணக்கு மட்டுமே இருக்குமாயின், அவ்விரைவு யாரையோ விட்டு ஓடுவதாகவே முடிகிறது. அன்று திண்ணையில் இருந்து நாங்கள் விரைந்தபோது, தில்லியில் எங்களுக்காக எந்த முகமும் காத்திருக்கவில்லை. ஒரு கோப்பு காத்திருந்தது. இரண்டு நாள் கழித்தும் அது காத்திருந்திருக்கும். கோப்பின் இயல்பே காத்திருத்தல்தானே!

இக்கருத்து நமக்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவதாக அவற்றுள் நான்கு அமைந்தவை. வள்ளலின் ஊரே சேருமிடம். ஆயினும் புலவன் வழியைத் தாண்டிக்கொண்டு ஊருக்குள் குதிப்பதில்லை. பெரும்பாணாற்றுப்படையைப் பயின்றோர் அறிவர்: எயினர் குடியில் என்ன உணவு கிடைக்கும், கோவலர் குடியில் என்ன கிடைக்கும், உழவரும் வலைஞரும் எதனைத் தருவர் என்று ஒவ்வொரு குடியாகச் சொல்லிச் செல்வான். வழியில் வாழ்பவரும் வாழ்பவரே என்பதை அப்புலவர்கள் மறக்கவில்லை. திருவள்ளுவரும் காலமறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். காலஞ்சேர்த்தல் என்று வகுத்தாரல்லர்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் ஒரு தனிப்பாடம் உண்டு. பிறந்த ஊர் ஒன்று, பிழைக்கும் ஊர் ஒன்று என்று இரு நிலையங்களுக்கு இடையே நம் வாழ்வு ஓடுகிறது. இங்கே இருப்பதை, ஊருக்குத் திரும்பும் வரையிலான காத்திருப்பாகவே பலர் எண்ணுகிறோம். ஊருக்குப் போனாலோ, திரும்பும் சீட்டின் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். இங்கும் நிற்பதில்லை, அங்கும் நிற்பதில்லை. நம் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தது இந்த இடைவழியில்தான். அவர்களுக்கு இது இடைவழியன்று, இதுவே ஊர். நாம் கடந்து செல்லும் இடமென்று எண்ணியதில் அவர்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களோடு நிற்காமல் நாம் எங்கே விரைகிறோம்?

ஐந்தாம் நாள் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கினோம். மொந்தெலிமாருக்குத் தெற்கே ஒலிவ மரங்கள் தோன்றின. வடக்கிலிருந்து வீசும் மிஸ்திரால் காற்றைத் தடுக்க வரிசையாக நட்ட சைப்பிரஸ் மரங்கள் வயலோரத்தில் நின்றன. ஆறாம் நாள் மாலை அவிஞோன் மதில்கள் கண்ணில் பட்டன. அழகிய நகரம். ஆயினும், பயணம் எப்படி இருந்தது என்று இன்று எவரேனும் கேட்டால், மகள் சொல்வது அவிஞோனை அன்று. பிரியார்ப் பாலத்து மூதாட்டியை.

சென்ற தை மாதம் ஊருக்குப் புறப்பட்டோம். இடைவழியில் இறங்கித் தங்குவதென்று இம்முறை முடிவு செய்தோம். ஜான்சி, போபால், நாகபுரி, வாரங்கல், விஜயவாடா என்று இருபது ஆண்டுகளாக நிலையப் பெயர்களாக மட்டுமே அறிந்த ஊர்களுள் வாரங்கலில் இறங்கினோம். அதனை அடுத்த அனுமகொண்டாவில், 1163ஆம் ஆண்டில் காகதிய மன்னன் உருத்திரதேவன் எடுத்த ஆயிரங்கால் கோயிலில் ஒரு பகல் முழுதும் இருந்தோம். "இத்தனை நாளும் இதைத் தாண்டியா போய்க்கொண்டிருந்தோம்?" என்றாள் மகள்.

ஊர் சேர்ந்ததும் அம்மா வழக்கம்போல், "என்றைக்குத் திரும்ப வேண்டும்?" என்றார். திரும்புவதற்குச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றோம். அவர் சற்று நேரம் எங்களையே பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று, இட்டிலிக்கு அரிசி ஊறவைத்தார்.

அன்பர்களே, உங்கள் கணக்கிலும் விடுப்பு இருக்கும். அதில் பெரும்பகுதியை முதுமைக்கும் மக்களுக்கும் என்று வைத்திருங்கள், அது கடமை. ஆயினும் எவரேனும் ஒருவர், தயங்கித் தயங்கி, இன்னும் இரண்டு நாள் இரு என்று கேட்டால், சீட்டைக் காட்டாதீர்கள். மாதச் சம்பளத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான். அதற்கு மலிவாக அது பின்னர்க் கிடைப்பதில்லை.